ஒரு வருடம் கழித்து வரமாட்டேன்

ஓரவஞ்சனைக்காரி என்ற பெயரை எனக்கு வைத்தது என் கூடப்பிறந்த தங்கைதான். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நாற்பது ஐம்பது பேர் நிற்கும்போது, நடு ஏலத்தில், வாய் நிறையச் சொன்னாள். அவள் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் எனக்கு இன்று இரண்டு கண்ணும் போயிருக்கும். ஆனாலும் அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கன்னியம்மா. வயது நாற்பத்தொன்பது. பன்னிரண்டு வருடமாக எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறேன். ஃபைபர் படகுகள் காலையில் கரையேறியதும் மீனைத் தார்ப்பாயில் கொட்டுவார்கள். சுற்றிலும் வியாபாரிகள் நிற்பார்கள். நான் நடுவில் நின்று விலை கூவுவேன். பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பார்கள். மீதிப் பேர் பக்கத்து ஆளுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு விரலை மட்டும் லேசாகத் தூக்குவார்கள். அந்த விரலைப் பார்ப்பதுதான் என் வேலை. கத்துவதற்கு யாரும் கத்தலாம்.

என் தங்கை குணசுந்தரி தோணிரேவில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் கரைக்கு வந்து கடல் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்பாள். அன்றைக்கு நல்ல கொடுவா ஒன்று வந்திருந்தது. விலை ஏறி நின்றது. நான் சுற்றிப் பார்த்துவிட்டு ஐஸ் வண்டிக்காரருக்கு முடித்தேன். உடனே இடது பக்கத்திலிருந்து சத்தம்.

"இன்னா யக்கா, விரலைத் தூக்கிக்கினு நிக்கிறேன். பாக்காத மாதிரி அந்தாளுக்கு வுடுற?"

"நீ எப்ப தூக்கின?"

"மூணாவது தபா இது. போன வாரம் வஞ்சிரத்துக்கு, முந்தாநேத்து நண்டுக்கு. தங்கச்சிக்கு வுட்டா ஊரு பேசும்னு எனக்கே ஓரவஞ்சனை பண்றியா?"

"பொய் பேசாத குணா. நீ விரலே தூக்கல."

என் மனசாட்சிப்படி அது உண்மை. நான் பார்க்கவில்லை, அதனால் அவள் தூக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். அவள் காலி அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை கிராம நிர்வாகத் தலைவர் ஏகாம்பரம் கூப்பிட்டு அனுப்பினார். "உன் தங்கச்சி மட்டும் சொல்லல கன்னிம்மா. இன்னும் ரெண்டு பேர் இதையேதான் சொல்றாங்க. ஏலத்துல ஒரு பக்கமா சாய்ஞ்சா வியாபாரி வேற கரைக்குப் போயிடுவான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நண்டுகூட நான் யாருக்கும் சாதகமாக விட்டதில்லை. "என் கண்ணுல கோளாறுனு நிரூபிச்சா இந்த வேலையே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கியம் பிறகு என்னை எப்படியெல்லாம் ஆட்டி வைத்தது என்பது வேறு விஷயம்.

மறுநாளே பொன்னேரிக்குப் போய் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தேன். சுவரில் தொங்கிய எழுத்துகளைக் கடைசி வரி வரை ஒப்பித்தேன். "தூரப் பார்வை ஜோரா இருக்குதும்மா, கிட்டப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்குங்க" என்று அந்தப் பையன் சீட்டு எழுதிக் கொடுத்தான். அதைக் கொண்டுவந்து ஏகாம்பரம் முன்னால் வைத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

என் மகள் ரேவதி அனுப்பம்பட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் எனக்கு டீ கொண்டுவந்து இடது பக்கம் வைத்தாள். தட்டிவிட்டேன். துடைத்துவிட்டு வேறு டீ வைத்தாள். அதையும் தட்டினேன்.

"ம்மா, உன் லெஃப்ட்டு பக்கம் நின்னா நீ திரும்பறதே இல்ல. நைனாகூடச் சொன்னாரு, கரையில நங்கூரக் கயித்துல நீ தடுக்கி வுழுந்தியாமே?"

"கயித்துல வுழாதவ யாருடி இந்த ஊருல?"

அவள் விடவில்லை. புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை ரயிலேற்றிச் சென்னையில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள்.

காத்திருப்பைப் பற்றி அங்கே போகாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் சீட்டு, பிறகு எழுத்து படிப்பது, பிறகு கண்ணின் அழுத்தம் பார்ப்பது, பிறகு கண்ணில் சொட்டு விட்டு உட்கார வைப்பது. சொட்டு விட்டதும் எல்லாம் மங்கும். பெஞ்சு முழுக்க அண்ணாந்த முகங்கள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். காலை எட்டரைக்குப் போனவள் டாக்டர் முன்னால் உட்காரும்போது மணி இரண்டு.

டாக்டரம்மாவுக்கு ரேவதியைவிடப் பத்து வயது கூட இருக்கும். கரகரத்த குரல். என் வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். "என் மூக்கையே பாருங்க. என் விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னும் நீங்க விரலைத் தூக்கலையே" என்றேன்.

ரேவதி அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மாவின் கை என் இடது காதுப் பக்கத்திலிருந்து பாதி தூரம் வந்துவிட்டதாம். விரல் ஆடிக்கொண்டே இருந்ததாம். எனக்கு அப்போது நோய் பற்றிய பயம் வரவில்லை. குணா நிஜமாகவே விரலைத் தூக்கியிருக்கிறாள் என்பதுதான் முதலில் உறைத்தது.

நோயின் பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்று அட்டையில் எழுதியிருந்தது. டாக்டரம்மா இப்படி விளக்கினார்: கண்ணுக்குள் ஒரு நீர் எப்போதும் ஊறுகிறது, எப்போதும் வடிகிறது. வடியும் வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பை மெல்ல மெல்லச் சாகடிக்கும். கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் மூடினால் பழவேற்காடு ஏரி என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே புரிந்தது.

"வலியே இல்லியே டாக்டர்?"

"பெரும்பாலும் வலிக்காதும்மா. நேராப் பார்க்கிற பார்வை கடைசி வரைக்கும் நிக்கும். ஓரம்தான் முதல்ல போகும். அதனாலதான் எழுத்தெல்லாம் படிச்சிட்டீங்க. இடது கண்ணுல நிறையப் போயிடுச்சு. வலது கண்ணுல இப்பத்தான் ஆரம்பம்."

"போனது திரும்புமா?"

"திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. பேச்சுவார்த்தை இல்ல."

"பேசுங்க. அவங்க கண்ணையும் பார்க்கணும். இது ரத்த சொந்தத்துல வரும்."

அன்றைக்கே பார்வைப் புலச் சோதனை என்று ஒன்று எடுத்தார்கள். அங்கே எல்லாரும் ஃபீல்டு டெஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். இருட்டறையில் கவிழ்த்துவைத்த குண்டான் மாதிரி ஒரு இயந்திரம். ஒரு கண்ணை மூடிவிட்டு, முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெள்ளை வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஏலக்காரியின் கண் ஒரே இடத்தில் நிற்குமா? நான் வெளிச்சத்தைத் தேடித் தேடிப் பிடித்தேன். ஒன்றையும் விடக் கூடாது என்று வெறி.

"தேடாதீங்கம்மா. நடுவுலயே பாருங்க. நல்ல கண்ணுக்குக்கூடப் பாதி வெளிச்சம் தெரியாது, அப்படித்தான் இந்த மிஷினு" என்று அங்கிருந்த பெண் நாலு தடவை சொன்னாள். கடைசியில் வந்த தாளில் அங்கங்கே கறுப்புத் திட்டு. இதை நம்ப முடியாது, கண் அலைந்திருக்கிறது, ஒரு மாதத்தில் மறுபடி எடுக்கலாம் என்றார்கள். தினமும் விட இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

வீட்டில் என் கணவர் தனசேகர் பிரஷர் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் குழம்பில் உப்பைக் குறைக்கச் சொன்னார். "அது ரத்தக்கொதிப்புயா, இது கண்ணுக்குள்ள" என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்கே பிரஷர் ஏறியது. ஆனால் இரவு தூங்கும் முன் சொட்டு விடுவதை அவர்தான் ஏற்றுக்கொண்டார். வலை இழுத்துக் காய்ப்புக் காய்த்த விரல். இமையைப் பிரிக்க இரண்டு மூன்று தடவை முயல்வார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனோம். இரண்டாவது ஃபீல்டு டெஸ்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தேன். அழுத்தமும் இறங்கியிருந்தது. கீழே கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பிரஷர் நார்மல். மருந்தைத் தொடர்ந்து வுடுங்க. ஒரு வருஷம் கழிச்சு ஃபீல்டு டெஸ்ட்டுக்கு வாங்க."

ரேவதி சந்தோஷமாகச் சீட்டை மடித்தாள். நான் நகரவில்லை.

"சார், என் லெஃப்ட்டு கண்ணு போறதுக்கு எத்தினி நாளாச்சு?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"அது போனப்ப எனக்குத் தெரிஞ்சுதா? தெரியல. ரைட்டு கண்ணு போனாலும் எனக்குத் தெரியாது. மிஷினுக்குத்தான் தெரியும். அந்த மிஷின்கிட்ட ஒரு வருஷம் கழிச்சு வான்னா, நடுவுல போனா யாரு சொல்லுவா?"

"பிரஷர்தான் நார்மலாச்சேம்மா. பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நார்மலான பிரஷருக்கு என் கண்ணு அடங்கிச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்? நான் ஒரு வருஷம் கழிச்சு வரமாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ரேவதி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. நாற்பது பேர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. மேலேயிருந்து டாக்டரம்மாவே இறங்கி வந்தார். யார் அந்தச் சத்தம் என்று பார்க்க வந்தவர், சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "நீங்க கேட்டது சரி. இது ரொட்டீனா அடிச்ச தேதி. கூட்டம் ஜாஸ்தி, மிஷின் ஒண்ணுதான். ஆனா புதுசா நோய் தெரிஞ்சவங்களுக்கு ஆரம்பத்துலதான் அடிக்கடி பார்க்கணும். ஒரு டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியாது. ரெண்டுலயும் நிச்சயமாச் சொல்ல முடியாது. இன்னிக்குத் தூக்கம் இல்லன்னாகூட ரிசல்ட் மாறும். வரிசையா வச்சுப் பார்த்தாத்தான் நோய் நிக்குதா, நடக்குதா, ஓடுதான்னு தெரியும். உங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை. ஓடாதுன்னு உறுதியானா அப்புறம் தள்ளி வச்சுக்கலாம்."

"அப்போ அழுத்தம் பாக்கிறது?"

"அது வேற, அதையும் பார்க்கணும். அழுத்தம் காரணம். ஃபீல்டுதான் நஷ்டத்தைக் காட்டும்."

பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதியைத் தன் கையால் எழுதினார். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. யாருக்கும் சொல்லாதே என்றார் என் கணவர். "கண்ணுல கோளாறுன்னா வேலையே வேணாம்னு நீயேதான் சொல்லிட்டு வந்த. இப்ப வாயத் தொறந்தா ஏலத்த புடுங்கிக்குவாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் மூன்று பேரைப் பொய்க்காரர்கள் ஆக்கியிருக்கிறேன். அதை மூடிக்கொண்டு எப்படி நடுவில் நிற்பது?

மறுநாள் காலை ஏலம் தொடங்கும் முன் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. என் இடது கண்ணு பாதிக்கு மேல போயிடுச்சு. அந்தப் பக்கம் நின்னவங்க விரல் எனக்குத் தெரியல. நான் பொய் சொல்லல, ஆனா அவங்களும் பொய் சொல்லல. இன்னிலேர்ந்து விரல் கிடையாது. வேணுங்கிறவங்க வாயத் தொறந்து கேளுங்க. எல்லாரும் என் முன்னாடி நில்லுங்க, பின்னாடியும் இடது பக்கமும் யாரும் நிக்கக் கூடாது."

குணசுந்தரி கூட்டத்தில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள் என்றா எதிர்பார்த்தேன்? இல்லை. ஆனால் அவள் சொன்னதையும் எதிர்பார்க்கவில்லை. "மாட்டிக்கினதும் கண்ணு மேல பழி. நல்லா நடிக்கிற யக்கா" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் கரைக்கே வருவதை நிறுத்திவிட்டாள்.

ஏகாம்பரம் நேராகச் சொன்னார். "கண்ணு தெரியாதவ எதுக்கு ஏலம் வுடணும்? கொடுத்த வார்த்தை என்னாச்சு?"

"கண்ணு தெரியுது. ஒரு பக்கம் தெரியல. காது ரெண்டும் கேக்குது. என் ஏலத்துல தப்புனு ஒருத்தர் வந்து சொல்லட்டும், அன்னிக்கு எறங்கறேன். அந்த வார்த்தையக் கோவத்துல வுட்டேன், வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வார்த்தைய வாபஸ் வாங்குவியா?"

"வாங்கறேன். இன்னா இப்போ?"

அவர் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. ஏலம் தொடர்ந்தது. விரலைக் காட்டிப் பழகிய இரண்டு பெரிய வியாபாரிகள் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டார்கள். சின்ன வியாபாரிப் பெண்களுக்கு யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் என் பக்கம் நின்றார்கள்.

நாலு மாதம் கழித்து மூன்றாவது சோதனை. டாக்டரம்மா மூன்று தாளையும் மேசையில் அடுக்கி வைத்தார். வலது கண்ணின் மேல் பகுதியில், மூக்குப் பக்கம், ஒரு சாம்பல் திட்டு புதிதாக இருந்தது. "ஒருவேளை இன்னிக்குச் சரியாச் செய்யாம இருந்திருக்கலாம். ரெண்டு வாரத்துல மறுபடி எடுப்போம்" என்றார். எடுத்தோம். அதே இடம். இன்னும் கொஞ்சம் கறுப்பு. இரண்டு தடவையும் அழுத்தம் என்னவோ நார்மல்தான்.

"உங்க நரம்புக்கு இந்த நார்மல் போதல. இன்னும் இறக்கணும். சொட்டு மருந்து மட்டும் பத்தாது. ஆபரேஷன் பண்ணணும்."

ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் அந்தத் திட்டு எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கேட்டேன். அவர் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தார்.

அறுவை சிகிச்சை நல்ல கண்ணில். கண்ணில் நீர் வடிய ஒரு புது வழி திறப்பார்கள், முகத்துவாரத்தை வெட்டி விடுவது மாதிரி. பார்வை அதிகமாகாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான். சில பேருக்கு வழி மறுபடி அடைத்துக்கொள்ளும், சில பேருக்கு அழுத்தம் அதிகமாக இறங்கிவிடும், கிருமி தொற்றலாம் என்று எல்லாவற்றையும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். "ஒண்ணு தப்பாப் போனா எனக்கு ரெண்டும் இல்ல, இல்லியா டாக்டர்?" என்றேன். "பண்ணலன்னாலும் அங்கதான் போய் நிக்கும். பண்ணா வாய்ப்பு உங்க பக்கம்" என்றார். கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அதையும் எழுதிவிடு என்று ரேவதியிடம் சொன்னேன், இதை அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவு இருந்தது. முகத்தின் மேல் துணி, ஒரு வெளிச்சம், கத்தரிக்கோல் சத்தம், டாக்டரம்மா நர்சிடம் மதியச் சாப்பாடு பற்றிப் பேசும் குரல். அந்தப் பேச்சு எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. பயப்படும் ஆள் சாம்பார் சாதம் பற்றிப் பேசமாட்டார்.

அதன் பிறகு ஒரு நாள் முழுக்க வலது கண்ணில் கட்டு. எனக்கு மிச்சம் இருந்தது அந்த இடது கண் மட்டும். அதுவரை அந்தக் கண்ணை நான் தனியாகப் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல. அந்த வட்டத்துக்குள் நர்சின் கை வரும், தட்டு வரும், போகும். வட்டத்துக்கு வெளியே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. இப்படித்தான் இருக்கப் போகிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அன்று நான் அழுதேன். கட்டு நனையக் கூடாதே என்று ஒரு கண்ணால் மட்டும் அழ முயன்றேன். அது முடிகிற காரியம் இல்லை.

என் கணவர் பேசாதவர். கடலில் எட்டு மணி நேரம் போனாலும் எட்டு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு ஜன்னலோரம் நின்றுகொண்டு, கேட்காமலே, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கீழ ஒரு கல்யாண வேன் போவுது. வாழை கட்டிக்கீது. எதிர்க்கடையில ஒருத்தன் டீ ஆத்துறான், நம்ம பழவேற்காடு டீக்கடைக்காரன் மாதிரியே தொப்பை. உன் சோத்துக்கைப் பக்கம் தண்ணி பாட்டில் கீது. பீச்சாங்கைப் பக்கம் ஒண்ணும் இல்ல, பயப்படாத. காத்து தெக்கேர்ந்து அடிக்குது."

"மெட்ராஸ்ல காத்து தெக்கேர்ந்து அடிச்சா எனக்கு இன்னாயா?"

"சொல்லி வெக்கிறேன்."

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது அவர் முகம்தான். மங்கலாக. அவரும் அழுதிருந்தார். அது எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார், நல்லவேளை.

ஒரு மாதம் ரேவதி வீட்டில், அனுப்பம்பட்டில் இருந்தேன். ஸ்டேஷன் பக்கம் என்பதால் பரிசோதனைக்குப் போய்வர வசதி. குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கசக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு. ரேவதியின் ஃபோனில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவள் வேலைக்குப் போன நேரத்தில் மாப்பிள்ளை வந்து கூச்சத்தோடு சொட்டு விடுவார். அறுவை சிகிச்சை காப்பீட்டு அட்டையில் அடங்கியது. மருந்தையும் ரயிலையும் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், கதவைத் தட்டாமல் குணசுந்தரி உள்ளே வந்தாள். கையில் ஒரு பை நிறைய மடவை மீன். சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் வரைக்கும் போயிட்டியாமே."

"நடிப்புனா கடைசி வரைக்கும் நடிக்கணும் இல்ல?"

அவள் எழுந்து என் இடது பக்கம் வந்து நின்றாள். எனக்கு அவள் காணாமல் போனாள்.

"ரைட்டு கண்ணப் பொத்திக்க. நேராப் பாரு. இப்பத் தெரியுதா என் விரலு?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல."

"யக்கா, நெசமாச் சொல்லு. இப்போ?"

"இல்லடி."

"இப்போ?"

மூக்குக்குக் கிட்டத்தட்ட நேராக அவளுடைய ஆள்காட்டி விரல் வந்தபோதுதான் "ம், தெரியுது" என்றேன். விரல் அப்படியே நின்றது. பிறகு அவள் தன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "ரெண்டு தபா ஊரு முன்னாடி உன்னைப் பேசினேன். நான் ஒரு நாய்" என்று திட்டிக்கொண்டாள்.

எனக்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. இதைவிட நல்ல நேரம் வராது என்றுதான் தோன்றியது. "அழுதது போதும். வர்ற செவ்வாக்கிழமை எனக்கு ரிவ்யூ. கூட வா. உன் கண்ணையும் காட்டணும்."

"எனக்கு இன்னா? கண்ணு நல்லாதான் கீது. ஊசி கோக்கிறேன்."

"நானும் கோத்தேன். கடைசி வரி வரைக்கும் எழுத்து படிச்சேன். வா."

"வியாபாரம் கெடும் யக்கா."

"நீ வரலன்னா, என்னை ஓரவஞ்சனைக்காரினு ஊரு முன்னாடி கத்தினதுக்கு உன்னை ஊரு முன்னாடி இழுப்பேன். ஏகாம்பரத்தக் கூப்பிட்டு உக்கார வெப்பேன். எது வசதி?"

வந்தாள். ரயில் முழுக்க முனகிக்கொண்டே வந்தாள். அவளுக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். நரம்பு நன்றாக இருந்தது. ஃபீல்டு டெஸ்ட்டில் ஒரு கறுப்புக்கூட இல்லை. அழுத்தம் மட்டும் கொஞ்சம் மேலே. மருந்து இப்போது வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. "நீங்க வருஷத்துக்கு ஒருமுறை வாங்க."

நான் குறுக்கே பாய்ந்தேன். "வருஷத்துக்கு ஒருமுறையா? நாலு மாசம்னு எழுதுங்க டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு நோய் இருந்துச்சு, நடந்துக்கிட்டும் இருந்துச்சு. இவங்களுக்கு இன்னும் ஒண்ணும் போகல. எல்லாருக்கும் ஒரே தேதி போடறதுதான் தப்பு. உங்களுக்கு ஒரு வருஷம் சொன்னது எவ்வளவு தப்போ, இவங்களை நாலு மாசத்துக்கு ஒரு தடவை அலைய விடறதும் அவ்வளவு தப்பு."

நான் தோற்ற வழக்கு அது ஒன்றுதான். குணசுந்தரிக்கு ஒரே குஷி. "சின்ன வயசுலேர்ந்தே எல்லாம் உனக்குத்தான் ஜாஸ்தி" என்றாள்.

இரண்டு மாதத்தில் ஏலத்துக்குத் திரும்பினேன். அந்த இரண்டு மாதமும் ஏலம் விட்ட ஆளைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. அதைச் சின்ன வியாபாரிப் பெண்களே ஏகாம்பரத்திடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். இப்போதும் விரல் கிடையாது. வாய்தான். குணசுந்தரி எல்லாரையும்விட உரக்கக் கேட்கிறாள், காது கிழிகிறது. கட்டுப்படியாகாத விலை என்றால் அவளுக்கும் விடமாட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று ஃபீல்டு டெஸ்ட் ஆகிவிட்டது. மொத்தம் ஏழு தாள். வலது கண்ணின் சாம்பல் திட்டு அதே இடத்தில், அதே அளவில் நிற்கிறது. வளரவில்லை. சுருங்கவும் இல்லை, சுருங்காது என்று தெரியும். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று டாக்டரம்மா சொன்னார். ஏன் ஆறு என்று கேட்டேன். ஏழு தாளையும் வரிசையாக வைத்துக் காட்டிச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், உங்கள் தேதி எத்தனை மாதம் என்று நான் சொல்ல முடியாது. ஏன் இந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் வராமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும், அவர்களுக்கும் கண் இருக்கிறது.

எனக்கு அடுத்த சோதனை வரும் மாதம், ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு யார் ஏலம் விடுவது என்று ஏகாம்பரம் கேட்டார். என் வீட்டுக்காரர் விடுவார் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் குரல் எழும்பாது. முதலில் யார் கேட்கிறார்களோ அவருக்கே கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு நாள் மீன் மலிவாகப் போகும். போகட்டும்.